குழை குத்திய கதவு

வட்ட விதானை குத்திய குழையை வட்ட விதானைதான் பிடுங்க வேண்டும். கிளிவெட்டிக்குப் பக்கத்திலுள்ள அந்த வயல்வெளியில் இதற்கு மேலே சட்டம் கிடையாது. வாய்க்காலிலிருந்து வயலுக்குப் பிரியும் வாயை மண் போட்டு அடைத்து, அதன்மேல் பச்சைக் கொப்பொன்றை, அதுதான் குழை, நட்டுவிட்டால், தண்ணீர் வேறொருவருடைய முறை, தொடாதே என்று அர்த்தம். கள் ஏறினால் ஊரையே ஏசுகிறவன்கூடக் குழையைக் கண்டால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவான்.

இந்தப் போகத்துக்கு வட்ட விதானை ஜெயரூபி. போகம் தொடங்குமுன் கமக்காரர் கூடும் கூட்டத்தில் ஆம்பிளைகள் ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்க, "நான் செய்யிறன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள். வெளி முழுவதற்கும் தண்ணீர் பங்கிடுவது அவள் பொறுப்பு. உரலுக்கு ஒரு பக்கம்தான் இடி; விதானைக்கு எல்லாப் பக்கமும் இடி.

அன்று ஆதம்பாவாவின் முறை. மூதூரிலிருந்து வந்து வாய்க்காலின் கடைசி வயலைச் செய்கிறவர். எல்லாரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் மிஞ்சினால்தான் அந்த வயலுக்கு வரும். பயிரோ குடலைப் பருவம், கதிர் இன்னும் தண்டின் வயிற்றுக்குள். இப்போது காய்ந்தால் வெட்டுகிறபோது பதர்தான் மிஞ்சும். 'பொழுது சாயமுதல் தண்ணி வந்து நிக்கும் காக்கா' என்று ஜெயரூபி வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காகவே விடியற்காலையில் மேலேயுள்ள வாய்களையெல்லாம் அடைத்துக் குழை குத்தினாள்.

வெயில் உச்சிக்கு வந்தும் வாய்க்காலில் சேறுதான் கிடந்தது. ஆதம்பாவா போன் எடுத்து, "வருதா மகள்?" என்று மட்டும் கேட்டார். ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றின் அணைக்கட்டுக்கு ஓடினாள்.

அணைக்கட்டில்தான் மின்சாரக் கம்பனியின் பவர்ஹவுஸ் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் அதன் மெஷினைச் சுற்றிவிட்டுத்தான் வாய்க்காலில் விழும். போன வருசக் கூட்டத்துக்குக் கம்பனி ஐயா ஒருவர் வந்து, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, ஆறும் உங்களுடையது, கரண்டும் உங்களுடையது, கமக்கார அமைப்புக்கும் பங்கு உண்டு, இனி நீங்களும் முதலாளிமார் என்று தேனாகப் பேசினார். எல்லாரும் கை உயர்த்தினார்கள். முன்வரிசையில் இருந்த ஜெயரூபியும் உயர்த்தினாள். ரோல்ஸ் நல்லாத்தான் இருந்தது, அதைக் குறை சொல்லக்கூடாது.

மெஷினைப் பார்ப்பவன் சிவரூபன். இப்போது லிங்கநகரில் இருந்தாலும் இந்த வெளியில் முன்பு விதானையாக இருந்த இராசையாவின் மகன். அவளைக் கண்டதும் எழும்பிக் கதிரையைக் காட்டினான். அவள் இருக்கவில்லை.

ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதாம். பகலில் தேக்கி வைத்து, வீடுகளில் விளக்குப் போடுகிற நேரத்தில் மொத்தமாக விட்டால்தான் கரண்டுக்கு நல்ல விலையாம். நேற்றுத்தான் கொழும்பிலிருந்து உத்தரவு வந்ததாம். ஊருக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருப்பார்கள் என்று தான் நினைத்ததாகச் சொன்னான். மெஷினுக்குப் போகாமல் வாய்க்காலுக்கு நேரே விடப் பக்கக் கதவு ஒன்று இருந்தது. அதன் பூட்டைத் திறக்கும் திறப்பும் அவனிடம்தான் இருந்தது. அதைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"எனக்கு ஏலாது அக்கா. கம்பனி சொல்லோணும்," என்றவன், அவளைச் சமாதானப்படுத்த நினைத்தானோ என்னவோ, "நீங்களும் முதலாளிமார்தானே, ஒருக்கா அவையோட கதைச்சுப் பாருங்கோவன்," என்றான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி போனுக்கே வரவில்லை. முதலாளியம்மா ஜெயரூபி கம்பனிக்குப் போன் எடுத்து எடுத்துப் பார்த்தாள், ஒருவரும் தூக்கவில்லை. பின்னேரமாகிவிட்டது. மொத்தமாக விடுவோம் என்று சிவரூபன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேல்வாய்கள் எல்லாம் அடைத்துக் கிடக்கின்றன. தேங்கிய அவ்வளவு தண்ணீரும் பிரிய வழியில்லாமல் ஒரே வயலில் போய் விழும். ஆதம்பாவாவின் வரம்பு அதைத் தாங்குமா?

வயலுக்குத் திரும்பும் வழியிலேயே பாக்கியரத்தினத்துக்குப் போன் எடுத்தாள். மேல்வயல்காரர்களில் மூத்தவர், எல்லாரும் அவர் சொல் கேட்பார்கள். குழைகளைப் பிடுங்கி வாய்களைத் திறந்துவிடச் சொன்னாள்.

"போனில சொல்லி ஆர் குழை பிடுங்கினது பிள்ளை? நீ வந்து பிடுங்கு," என்றார் அவர்.

அவள் வந்து சேர முன்னமே தண்ணீர் வந்துவிட்டது. மேல்வயல்காரர்கள் மண்வெட்டியோடு வாய்க்காலோரம் நின்றார்கள். கரை தளும்பத் தண்ணீர் ஓடியது, ஒருவரும் கை வைக்கவில்லை. அவள் குத்திய குழைக்கு அவர்கள் காட்டிய மரியாதை அது. சேற்றில் விழுந்து எழும்பிக் குழை குழையாகப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க அவர்கள் வாயை வெட்டித் திறந்தார்கள். ஆனால் தண்ணீர் அவளுக்கு முன்னே ஓடியது.

அவள் கடைசி வயலுக்குப் போனபோது வரம்பு உடைந்திருந்தது. பள்ளப் பக்கத்துப் பயிர் சேற்றோடு படுத்துக் கிடந்தது. மேட்டுப் பக்கம் நனையவேயில்லை. அங்கே ஏறமுதல் தண்ணீர் உடைப்பு வழியாக வடிந்துவிட்டது. ஆதம்பாவா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உடைப்பில் மண் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ தாறன் எண்ட தண்ணி வந்திட்டுது மகள். கொஞ்சம் கூட வந்திட்டுது, அவ்வளவுதான்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தன் குழைதான் இந்த மனுசனின் பயிரைப் படுக்க வைத்தது என்று நினைக்க நினைக்க மனம் கொதித்தது. மிஞ்சிய மேட்டுப் பயிருக்கு நாளைக்குப் பகலில், மெல்ல மெல்ல, ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும் என்றார் அவர். நாளைக்கும் கம்பனி பொழுதுபட்டுத்தான் விடும். தூரத்தில் ஊரெல்லாம் விளக்கு எரிந்தது.

விடிந்ததும் அவள் வேப்பங்கொப்பொன்றை முறித்துக்கொண்டு பவர்ஹவுஸுக்குப் போனாள். பொலிசைக் கூப்பிடுவார்களோ, வயல்வெளிக்காரர்கள் கைவிட்டுவிடுவார்களோ என்றெல்லாம் வழி நெடுகப் பயந்துகொண்டுதான் போனாள். மெஷினுக்குத் தண்ணீர் போகும் கதவின் சக்கரத்தில் கொப்பைச் செருகி, தன் சால்வையால் இறுக்கிக் கட்டினாள்.

சிவரூபன் ஓடிவந்தான். "அக்கா, இது கம்பனிக் கதவு!"

"நானும் முதலாளி எண்டு நீதானே தம்பி சொன்னனீ. இண்டைக்கு மெஷினுக்கு முறை இல்லை. ஆதம்பாவா காக்கான்ர முறை."

அவன் கொப்பைப் பிடுங்கக் கை நீட்டினான். கை பாதி வழியில் நின்றது. கொப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுடைய சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது.

"கொழும்பு," என்றான். "நான் என்னெண்டு சொல்லுறது?"

"குழை குத்திக் கிடக்கு எண்டு சொல்லு."

அவன் போனை எடுக்கவில்லை. அது அடிக்க அடிக்க உள்ளே போய், பக்கக் கதவின் திறப்போடு வந்தான்.