பெற்றவள் சொல்ல வேண்டியது

டில்லியில் மன்னருக்குத் தர்பார் நடந்த வருஷம், வண்ணார்பேட்டை அம்மையப்பபிள்ளை வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தார்கள். ஒருத்தி மகள் உலகம்மாள், தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தவள். இன்னொருத்தி மருமகள் ஞானம்பாள், போவதற்குப் பிறந்த வீடு இல்லாதவள். இரண்டு பேருக்கும் பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது.

பிறந்த வீடு இல்லை என்று சொன்னால் ஞானம்பாளின் அப்பாவுக்குக் கோபம் வரும். ஆத்தூரில் அவருக்கு வெற்றிலைக் கொடிக்காலும் ஓட்டு வீடும் இருக்கத்தான் செய்தன. ஞானம்பாளைப் பெற்றவள்தான் இல்லை. அப்பாவின் இரண்டாம் தாரமாகச் சின்னம்மா இருந்தாள். அவள் இடுப்பிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. "இங்கன ஒண்ணும் தோதுப்படாது. அங்கனயே பாத்துக்கிடச் சொல்லுங்க" என்று ஆள் மூலம் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தன் பிள்ளைகளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ஒரு கூரைக்குள் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் முகத்தோடு முகம் பார்க்கக்கூடாது என்பது மாமியார் ஆவுடையம்மாளின் கட்டளை. பார்த்தால் ஒருத்திக்கு ஆகாதாம். அதனால் முன்கட்டு மகளுக்கு, பின்கட்டு மருமகளுக்கு என்று வீடு பாகம் பிரிந்தது. இடையில் ஒரு சுவர். சுவர் உத்தரம் வரை எட்டவில்லை. மேலே காற்றுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாகச் சத்தம் மட்டும் தாராளமாக வந்து போகும்.

ஆவுடையம்மாள் சோற்றில் ஓரவஞ்சனை செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. மகளுக்குக் கருப்பட்டிப் பணியாரம் என்றால் மருமகளுக்கும் அதே பணியாரம், அதே எண்ணெய், அதே சூடு. ஞானம்பாளுக்கு வயிறு எரிந்தது பணியாரத்துக்காக அல்ல. விளக்கு வைத்ததும் ஆவுடையம்மாள் முன்கட்டுக்குப் போய் மகள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் காதோடு காதாக ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் முணுமுணுப்புதான் கேட்கும், வார்த்தை பிடிபடாது. பிரசவத்தின் ரகசியம் அத்தனையும் அங்கே போய்ச் சேருகிறது, தனக்கு ஒரு துளிகூட இல்லை என்று நினைத்து நினைத்து ஞானம்பாள் கோரைப்பாயைக் கிள்ளிப் பிய்த்து வைத்தாள்.

ஒருநாள் மானத்தை விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

"அத்தை, வலி வந்தா எப்படி இருக்கும்?"

ஆவுடையம்மாள் பதறிப்போனாள். "ஏட்டி, அதெல்லாம் பெத்தவ சொல்லணும். மாமியா வாயால சொல்லப்படாது."

"எனக்குத்தான் பெத்தவ இல்லையே."

"அதுக்கு நான் என்னட்டி செய்ய?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு அவள் எழுந்து போனாள். போகிற வழியில் மகளை எட்டிப் பார்த்து, "கால நீட்டி இரிம்மா" என்று அவள் குழைந்த குழைவு இருக்கிறதே, அது இந்தப் பக்கம் வரை தேனாக ஒழுகியது. ஞானம்பாளுக்கு அந்தத் தேனை அள்ளி வாய்க்காலில் கொட்ட வேண்டும் போலிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் பின்னல் வேலை சொல்லிக் கொடுக்கப் பாளையங்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை சாலோமி என்கிற நர்சம்மா வருவாள். வேதக்காரி, அங்குள்ள கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. வெள்ளைச் சேலை, கையில் குடை, காலில் செருப்பு. ஆவுடையம்மாள் அவளை நடை ஏற விடமாட்டாள். ஆனால் கொல்லைக்கு வேலிதானே, வாசல் இல்லையே. ஒருநாள் ஞானம்பாள் வேலியோரம் போய் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்டேவிட்டாள்.

"நர்சம்மா, பிள்ள எந்த வழியா வரும்?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சாலோமி குடையை மடக்கி வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, "பைய உக்காரும்மா, சொல்லுதேன்" என்றாள். சொன்னாள். வழியைச் சொன்னாள். வலி அலை மாதிரி வந்து வந்து போகும், போகிற நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள். பனிக்குடம் உடைந்தால் பயப்படக்கூடாது, கொடி அறுக்கிற கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்லி மருத்துவச்சியிடம் அடம்பிடிக்க வேண்டும் என்று சொன்னாள். கடைசியில் குரலை மாற்றிக்கொண்டு, "ஒண்ணு மட்டும் நல்லா மனசுல வச்சிக்கோ. கால் வீங்குனா பரவாயில்ல. முகமும் கையும் வீங்கி, தல உடையுத மாதிரி வலிச்சி, கண்ணுக்குள்ள பொறி பறந்துதுன்னா நிக்கப்படாது. உடனே எனக்கு ஆள் விடணும். விட்டா ஜன்னி கண்டுரும். தாயும் பிள்ளையும் தங்காது" என்றாள்.

ஞானம்பாள் வீட்டுக்குள் வரும்போது நடையே மாறியிருந்தது. அன்று விளக்கு வைத்தபின் சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு தொடங்கியது. தொடங்கட்டுமே! அவளுக்கும் இப்போது ஒரு பொக்கிஷம் இருக்கிறது, அதில் யாருக்கும் பங்கு கிடையாது. முதல் தடவையாக அவள் பாயைக் கிள்ளாமல் தூங்கினாள்.

அந்த நிம்மதி சில நாள்தான். கிணற்றடிக்குப் போகும்போது, பார்க்கக்கூடாது என்ற கட்டளையையும் மீறி, முன்கட்டு சன்னல் வழியாக உலகம்மாளைப் பார்த்துவிட்டாள். முகம் உப்பிப்போயிருந்தது. கண் இமை கனத்துக் கண்ணே சிறுத்துவிட்டது. கைவிரலில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. ஆவுடையம்மாளோ அந்த முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தாள். "பிள்ள ஊட்டம்லா! முகம் என்னமா பூரிச்சிருக்கு பாரு!"

ஞானம்பாள் குடத்தோடு அப்படியே நின்றாள். அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தவள்தான். அந்த நேரம் பார்த்து ஆவுடையம்மாள் மகளின் தலையை மடியில் எடுத்து வைத்து, நெற்றியில் சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டு, "தலவலிதான ராசாத்தி, இப்பப் போயிரும்" என்று நெற்றியில் ஊதினாள். அந்த ஊதலைப் பார்த்ததும் ஞானம்பாளின் வாய் மூடிக்கொண்டது. ஊதுவதற்கு அவளுக்கு ஒரு அம்மா இருக்கிறாளே, அந்த அம்மாவே பார்த்துக்கொள்ளட்டும். எல்லாம் தெரிந்தவள்தானே, இரவும் பகலும் காதில் ஓதுகிறவள்தானே! இப்படி நினைத்துக்கொண்டு தண்ணீர் இறைத்தாள். பொல்லாத நினைப்புதான். பொல்லாதது என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் ஒரு ருசி இருந்தது, அந்த ருசி நாக்கில் கசந்துகொண்டும் இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை. ஆவுடையம்மாள் மாட்டுத்தொழுவில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மதினி, இருக்கியளா?"

"இருக்கேன், சொல்லு."

"கண்ண மூடுனா உள்ள மின்மினிப்பூச்சி பறக்குது. தல விண்ணுவிண்ணுங்குது. உங்களுக்கும் இப்படி இருக்கா மதினி?"

ஞானம்பாளுக்கும் அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிற குரல் அது. துணைக்கு இன்னொருத்தி இருந்தால் போதும் என்கிற குரல். இவ்வளவு நாளும் ஞானம்பாள் பொறாமைப்பட்டது மாமியாரின் மகளைப் பார்த்து. இப்போது பேசுவது சாகப்போகிற ஒரு பெண்பிள்ளை.

தொழுவுக்கு ஓடினாள். "அத்தை, உலகம்மாளுக்கு முகமும் கையும் வீங்கியிருக்கு. கண்ணுல பொறி பறக்குதாம். ஜன்னி வந்துரும். பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகணும்!"

ஆவுடையம்மாள் சாணிக்கையோடு நிமிர்ந்தாள். "என்ன வார்த்தைட்டி சொன்ன? ஜன்னியா? எம் மக முகம் பூரிச்சிருக்கதப் பாத்து உனக்கு வயிறெரியுதுன்னு எனக்குத் தெரியாதா? சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ பெருமூச்சு விடுததெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணு வைக்காதட்டி, உள்ள போ!"

பொய் என்றால் எதிர்த்துப் பேசலாம். அத்தனையும் நிஜம். வயிறு எரிந்தது நிஜம், பெருமூச்சும் நிஜம். பொறாமைக்காரி வாயில் வந்த உண்மைக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு? ஞானம்பாள் பின்கட்டுக்குப் போய், கச்சேரி உத்தியோகத்துக்குக் கிளம்பத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்த புருஷன் ஐயம்பெருமாள் முன்னால் பொத்தென்று உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க, எனக்குத் தல உடையுது. கண்ணுக்குள்ள பொறி பறக்கு. அந்த நர்சம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா நான் செத்துருவேன்."

ஐயம்பெருமாள் அம்மாவுக்குப் பயந்தவன்தான். ஆனால் பெண்டாட்டி சாவதற்கு அதைவிட அதிகம் பயந்தான். தலைப்பாகை பாதியில் தொங்க, குதிரைவண்டி பிடித்து ஓடினான். "ஆரம்பிச்சிட்டா ஜாலத்த! எம் மகளுக்குத் தலவலின்னா இவளுக்கும் வரணும்" என்று ஆவுடையம்மாள் தொழுவிலிருந்தே கத்தினாள். ஞானம்பாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாலோமி வந்தாள். அன்று அவளை யாரும் நடையில் தடுக்கவில்லை. நேரே பின்கட்டுக்கு வந்து ஞானம்பாளின் கையைப் பிடித்தாள். ஞானம்பாள் கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல நர்சம்மா. அந்தப் பக்கம் இருக்கா, அவளப் பாருங்க."

சாலோமி முன்கட்டுக்குப் போய் உலகம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆவுடையம்மாளிடம் அவள் பேசிய பேச்சில் 'அம்மா' 'தாயே' எல்லாம் இல்லை. "வண்டியில ஏத்துங்க. யோசிக்க நேரமில்ல." சந்தேகத்துக்கு மருமகளையும் சோதித்துவிடலாம் என்று ஞானம்பாளையும் ஏறச் சொன்னாள். முகம் பார்க்கக்கூடாத இரண்டு பேரும் ஒரே வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாதி வழியில் உலகம்மாளுக்குக் கண் சொருகி, பல் கிட்டி, உடம்பு வெட்டி இழுத்தது. சாலோமி சேலை முந்தானையைச் சுருட்டி அவள் பல்லுக்கிடையில் கொடுத்தாள். ஆவுடையம்மாள் "திருச்செந்தூர் முருகா" என்று அலறினாள். ஞானம்பாள் நாத்தனாரின் வீங்கிய பாதங்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். விட்டால் போய்விடுவாள் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறி, இறங்கி, வேப்பமர நிழல் சுவர்மேல் வந்து விழுந்த நேரத்தில் உள்ளே ஒரு குழந்தை அழுதது. பூனைக்குட்டி கத்தின மாதிரி மெலிந்த அழுகை. கொஞ்ச நேரத்தில் சாலோமி வெளியே வந்தாள். களைத்திருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது.

"பொம்பளப்பிள்ள. சின்னதா இருக்கு, ஆனா நல்லா இருக்கு. தாயும் கண்ணு முழிச்சிட்டா. இனி பயமில்ல." சொல்லிவிட்டு ஞானம்பாளின் தோளைத் தட்டினாள். "உங்க மருமகளுக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும். போன வாரம் வேலியோரம் நின்னு ஒரு தடவதான் சொன்னேன். என்னமா மனசுல வச்சிருந்திருக்கா, பாருங்க!"

அவள் உள்ளே போய்விட்டாள். நல்லது என்று நினைத்துச் சொன்ன வார்த்தை தாழ்வாரத்தில் அப்படியே நின்றது. ஆவுடையம்மாள் பைய மருமகள் பக்கம் திரும்பினாள்.

"போன வாரமேவா தெரியும் உனக்கு?"

ஞானம்பாள் பொய் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

"தெரியும். அவ முகம் வீங்குன அன்னைக்கே தெரியும். நான்தான் சொல்லல."

"ஏன்ட்டி?"

"நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லலியே அத்தை. எல்லாத்தையும் அவ காதுலயே சொன்னிய. ஒரு நாள் விடாம சொன்னிய. எனக்கு மட்டும் எதுவும் கிடையாதுன்னுட்டிய."

ஆவுடையம்மாள் கையை ஓங்குவாள் என்றுதான் ஞானம்பாள் எதிர்பார்த்தாள். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தாள். கை எழவில்லை. ஆவுடையம்மாளின் முகம் கோணி, ஒரு கணம் அவளே பதினேழு வயசுப் பெண் மாதிரி ஆகிவிட்டாள்.

"எனக்கு என்னட்டி தெரியும்? எனக்கு யாரு என்ன சொன்னா? எல்லாத்தையும் மருத்துவச்சி பாத்தா, நான் கண்ண மூடிக்கிட்டுக் கிடந்தேன். தெரிஞ்சிருந்தா எம் மக முகத்தப் பாத்துப் பூரிச்சிருக்குன்னு திருஷ்டி கழிப்பேனா?"

"அப்போ தினமும் அவ காதுல என்னதான் சொன்னிய?"

"பயப்படாதேன்னு சொன்னேன். பயப்படாத மக்களே, நான் இருக்கேன்னு சொன்னேன். அத விட்டா வேற என்ன தெரியும் எனக்கு?"

ஞானம்பாள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரகசியம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் பொறாமை அடங்கிவிடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அடங்கவில்லை. வேலியோரம் கேட்ட அத்தனை விஷயத்தையும், வழியையும் வலியையும் கத்தியையும் கொதிதண்ணீரையும் மொத்தமாக உலகம்மாளிடம் கொடுத்துவிட்டு, அந்த ஒரு வார்த்தையைப் பதிலுக்கு வாங்கிக்கொள்ள முடியுமானால் அப்போதே வாங்கியிருப்பாள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. இன்னும் சில நாளில் அவளுக்கும் வலி வரும். அது எப்படி வரும், எப்படிப் போகும் என்று எல்லாமே அவளுக்குத் தெரியும்.

"அத்தை," என்றாள். பெஞ்சில் அவள் பக்கம் நகர்ந்து, "அத்தை, அத எனக்கும் ஒரு தடவ சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சொல்வாளா மாட்டாளா என்று மாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.