நாலு அறை எஞ்சின்

"எந்தப் பக்கமடி வைக்கிறாய்? அது உன்ர வலம். அண்ணையின்ர வலத்தில வை!"

குணேஸ்வரி மாமி அதட்டியதும் கமலேஸ்வரி கையில் விளக்கோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் கால்மாட்டில் நின்று பார்த்தால் ஒரு வலம். படுத்திருக்கும் அவருக்கு இன்னொரு வலம். விளக்கை மாமியிடம் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்கு ஓடினாள்.

"செத்த வீட்டில இவளுக்கென்ன விசரே!" என்றாள் மாமி.

பின்வளவுக் கொட்டிலில் இருந்தது அப்பா அருளம்பலத்தின் எஞ்சின். கடற்படைப் பட்டறையில் முப்பது வருடம் எஞ்சின் பூட்டும் பிற்றராக இருந்தவர், வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு தொடங்கிய வேலை. வட்டமான இரும்புக் கூட்டுக்குள் நாலு அறை. நடுத்தண்டில் பொருத்திய இரண்டு தகடுகள் முழுதாகச் சுற்றாமல் கதவுபோல இங்கும் அங்கும் ஆட, மேல், வலம், கீழ், இடம் என்று அறைகள் வரிசையாக வெடிக்க வேண்டும். ஆறு மாதமாக இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுகொண்டிருந்தது. நேற்றுப் பின்னேரம் அதன் கயிற்றை இழுத்தபடியேதான் அவர் சரிந்தார்.

எஞ்சினுக்குப் படம் கீறியவள் கமலேஸ்வரி. அப்பா எப்போதும் எஞ்சினின் சில்லுச் சக்கரப் பக்கம் நின்றுதான் அறைகளை எண்ணுவார், பட்டறைப் பழக்கம். அவளோ வெளிச்சத்துக்காக எதிர்ப்பக்கம் இருந்து கீறினாள். மேலும் கீழும் மாறவில்லை. இடமும் வலமும் மாறிப்போனது விளக்கு வைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் படத்தை நம்பித்தான் அவர் அறைகளை வெடிக்க வைக்கும் வயர்களைப் பூட்டினார். அவளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"என்ன புள்ள, என்ன?" பின்னாலேயே ஓடிவந்தார், செத்த வீட்டுக்கு வந்திருந்த கிண்ணியா ஜமால்தீன் காக்கா. எஞ்சின் ஓடினால் தன் வள்ளத்தில் பூட்டுவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர்.

"காக்கா, ரெண்டாம் வயரும் நாலாம் வயரும் மாறிக் கிடக்கு. நான்தான் பிழையாக் கீறிப்போட்டன்."

"அப்ப மாத்து! கெதியா மாத்து!"

மாற்றினாள். ஜமால்தீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தார். ஒரு இருமல். இரண்டு. மூன்று, நான்கு, ஐந்து... கொட்டில் தகரமெல்லாம் கிடுகிடுத்தது. முன்வாசலில் அடித்துக்கொண்டிருந்த சாப்பறை நின்றுபோனது.

"ஓடுது புள்ள! அல்லாவே, ஓடுது!"

இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். மாமி வேலியோரம் வந்து நின்றாள். இந்த முறை அவள் ஏசவில்லை.

"வாய்க்கரிசி போட வா பிள்ளை. ஆக்கள் தூக்கப் போகினம்."

"நிப்பாட்டட்டா?" என்றார் ஜமால்தீன்.

"வேண்டாம் காக்கா, ஓடட்டும்."

கை கழுவ நேரமிருக்கவில்லை. அவள் போட்ட அரிசியில் நாலைந்து மணிகள் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன.