ஒரே கடிதம்

கணவன் ஏனோஸின் உடலைக் கழுவித் துணி சுற்றிக்கொண்டிருந்த தபீத்தாளின் கை, வாசலில் மூப்பர் ஓபேத் கனைத்ததும் நின்றது. வெளியே சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் சத்தமும் நின்றுபோயிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்மா. ஏனோஸ் அண்ணன் சபைக் கடிதம் கொடுக்கவே இல்லையே?"

இல்லைதான். 'இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் சபையார், உங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கென்டக்கியில் பழைய சபை எழுதிக் கொடுத்த கடிதம் பதினோரு வருடமாக டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. இந்தச் சபைக்கு நிலம் கொடுத்தவன் ஏனோஸ். மரம் வெட்டிச் சுவர் எழுப்பியவனும் அவன்தான். ஆனால் கடைசி பெஞ்சில் விருந்தாளி மாதிரி உட்காருவான். கேட்டால் சிரிப்பான். "இந்த ஜில்லாவுக்கு மூணு தடவ பேரு மாத்திட்டானுங்க. கோர்ட்டு எங்க கட்டுறதுன்னு இன்னும் அடிச்சுக்கிறானுங்க. ஊரே ஊரா நிக்கல, நான் கடிதம் கொடுக்கணுமாக்கும்! அடுத்த வருஷம் திரும்பிப் போறோம், தபீ." அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லியே போய்ச் சேர்ந்துவிட்டான், பாவி மனுஷன்.

"கல்லறை வேலிக்குள்ள சபையார் மட்டுந்தான்னு எழுதி வச்சுட்டோம்." ஓபேத் தரையைப் பார்த்தார். "வேலிக்கு வெளியில நல்ல இடமா பாத்து..."

"அவர் கொடுத்த நிலத்துல அவருக்கு வெளியிலயா எடம்? வாய் கூசலையா உங்களுக்கு?"

அவள் கடிதத்தைத் தேடி எடுத்துவந்து நீட்டினாள்.

"செத்தவர எப்படிம்மா சேக்குறது?"

"உசிரோட இருக்கிற என்னச் சேருங்க. ஒரே கடிதம், ரெண்டு பேரு. அவர் பேர மட்டும் கிழிச்சிட்டா வாங்குவீங்க?"

ஓபேத் இரண்டு முறை படித்தார். "கொடுத்துட்டா நீங்க இந்தச் சபை ஆளு. கென்டக்கியிலருந்து உங்க அக்கா வண்டி அனுப்புறேன்னு எழுதியிருந்தாங்களே... நல்லா யோசிச்சுக்கோங்க."

அக்காவின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நாலு வீட்டு விளக்கு தெரியும். இங்கே பக்கத்து வீடே மூன்று மைல். இந்த மனுஷனை இங்கே தனியாகப் போட்டுவிட்டு எங்கே போவது?

"வாங்கிக்கோங்க," என்றாள்.

சாயங்காலம் வேலிக்குள்ளேயே புதைத்தார்கள். ஊர் ஊராகச் சுற்றும் போதகர் இங்கே வர இன்னும் மூன்று வாரம் ஆகும்; ஓபேத்தே ஜெபம் சொன்னார். இருட்டுமுன் வீடு சேர வேண்டுமென்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

சவப்பெட்டி செய்து மிஞ்சிய பலகை ஒன்றும் நாலு ஆணியும் வாசலில் கிடந்தன. தபீத்தாள் சுத்தியலை எடுத்து அந்தப் பலகையைச் சுவரில் அடித்தாள். 'போகப்போற வீட்டுக்கு அலமாரி எதுக்கு' என்று ஏனோஸ் ஒரு பலகைகூட அடிக்க விட்டதில்லை. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை டிரங்குப் பெட்டியின் வைக்கோலிலிருந்து எடுத்துத் துடைத்தாள். ஐந்தைப் பலகையில் வரிசையாக நிறுத்தினாள். ஆறாவதில் சோள ரொட்டியை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.