கை படாத பொம்மை

கடலுக்கு அப்பால் அவளை டயானா என்கிறார்கள். எங்கள் கிரேக்க ஊர் பிரௌரோனில் அவள் ஆர்ட்டெமிஸ் தேவி. வில்லோடு காட்டில் திரிகிறவள். தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றவள். ஆனாலும் பிள்ளைவலி வந்தால் நாங்கள் கூப்பிடுவது அவளைத்தான். அவளிடம் ஒரு தாய் செய்த தப்பைச் சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

கல்யாணத்துக்கு முதல் நாள், பெண் தான் விளையாடிய பொம்மையை ஆர்ட்டெமிஸ் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். லிசில்லாவின் மகள் மெலிட்டா மாட்டேன் என்று அழுதாள். கைகால் ஆடும் மண்பொம்மை அது. ஒரு காது உடைந்திருக்கும். மகள் அழுதால் லிசில்லாவுக்குத் தாங்காது. குயவரிடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, மகளோடு கோயிலுக்குப் போனாள்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஹாப்ரோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏண்டி மெலிட்டா, இத்தனை வருஷம் விளையாடியும் ஒரு கீறல் இல்லையே! அடைகாத்தியா?”

“எம்பொண்ணு பதவிசு, அக்கா,” என்றாள் லிசில்லா.

“யாரு, எங்க அத்திமரக் கிளையை முறிச்சாளே, இவளா?” ஹாப்ரோ சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

மறு வேனிலில் மெலிட்டாவுக்கு வலி எடுத்தது. இரண்டு நாளாகியும் பிள்ளை வரவில்லை. லிசில்லாவுக்கு அந்தப் பொம்மை ஞாபகம்தான்.

“அம்மா, போகாத,” என்று மெலிட்டா கையைப் பிடித்தாள்.

“இதோ வந்துடறேன் தங்கம்.”

மகளின் விரல்களைப் பிரித்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து பழைய பொம்மையை எடுத்துக்கொண்டு, ஆலிவ் தோப்பு வழியே கோயிலுக்கு ஓடினாள்.

“ஏமாத்திட்டேன் அக்கா. இதுதான் நெஜப் பொம்மை. எம்பொண்ணை விட்டுடச் சொல்லு.”

ஹாப்ரோ ஒன்றும் கேட்கவில்லை. வாங்கித் தேவியின் காலடியில் வைத்தாள்.

லிசில்லா திரும்பியபோது மருத்துவச்சி வாசலில் நின்றிருந்தாள், கையில் குழந்தையோடு.

“பேத்தி பொழச்சுக்கிச்சு.”

“மெலிட்டா?”

மருத்துவச்சி தலை குனிந்தாள். “உன்னையேதான் கேட்டுச்சு. பழைய பொம்மையைக் கோயில்ல குடுக்க நீ போயிருக்கிறதாச் சொன்னேன். ‘ஐயோ, அது என் பாப்பாவுக்குன்னுல்ல வச்சிருந்தேன்’னுச்சு. அப்புறம் பேசல.”

பிள்ளை பெற்றுப் பிழைத்தவள் தன் ஆடையை ஆர்ட்டெமிஸுக்குக் கொடுப்பாள். பிழைக்காதவளின் துணி பக்கத்துக் குகையில் அடங்கியிருக்கும் தேவியின் பழைய பூசாரி இபிகேனியாவுக்குப் போகும். மகள் தறியில் பாதியில் விட்ட துணியை லிசில்லா அங்கே வைத்துவிட்டு, ஹாப்ரோவிடம் வந்தாள்.

“அந்தக் காது உடைஞ்சதைக் குடுத்துடேன் அக்கா. குழந்தைக்கு.”

“தேவிகிட்ட குடுத்ததை நான் எப்படிடி எடுப்பேன்?”

ஹாப்ரோ உள்ளே போய்த் தன் பெட்டியிலிருந்து அந்தப் புதுப் பொம்மையைக் கொண்டுவந்தாள்.

“இதை எடுத்துட்டுப் போ. இதை அவ முன்னாடி வைக்கவே இல்ல.”

“அப்போ அன்னிக்கே உனக்குத் தெரியுமா?”

“அழுது வீங்கின உம்பொண்ணு மூஞ்சியைப் பார்த்தேனே. நானுந்தான் வாயைத் திறக்கல.”

லிசில்லா பொம்மையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

குழந்தைக்கும் மெலிட்டா என்றே பெயர். பல் முளைத்ததும் அது பொம்மையைக் கடித்தது. தரையில் அடித்தது, சேற்றில் இழுத்தது. அது எறியும்போதெல்லாம் லிசில்லா போய் எடுத்து, துடைக்காமல், மறுபடி அதன் கையிலேயே கொடுத்தாள்.