கிறுக்கு வரகும் ஒரு சம்பந்தமும்

என் அக்கா மகன் தமிழ்செல்வன் டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பான். அப்பேர்ப்பட்டவன், பெண் வீட்டார் எங்கள் மலையூரான அரியூர் நாட்டுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, தள்ளாடிக்கொண்டே வாசலுக்குப் போய் வெள்ளாட்டைக் கும்பிட்டு, "வாங்க மாமா, உக்காருங்க" என்றான். மாமனார் ஆகவேண்டிய சின்னுசாமி ஆட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கூடவே பெண் தேன்மொழியும்.

குடிகாரனுக்குப் பெண் இல்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டார் மனுஷன். தமிழ்செல்வனை ஊதச் சொல்லிக் காட்டினேன். வரகுச் சோற்று வாடைதான் வந்தது. அதையும் அவர் நம்பவில்லை. அலையாய் அலைந்து அமைந்த சம்பந்தம்.

நல்லவேளை, கிராம நர்ஸ் ரோஸ்லின் அந்தப் பக்கம் வந்தார். விசாரித்தார். அறுத்த வரகுக் கதிர் மழையில் நனைந்து குவியலாகக் கிடந்ததை அக்கா ஒப்புக்கொண்டாள். நன்றாகக் கழுவித்தான் பொங்கினாளாம். பசி தாங்காமல் முதலில் தின்றவன் தமிழ்செல்வன். இது பூஞ்சையின் நஞ்சு, கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது, தலை சுற்றும், கை நடுங்கும், வாந்தி வரும் என்றார் ரோஸ்லின். கிறுக்கு வரகு என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. வெறும் கதை என்றே இருந்துவிட்டோம்.

சின்னுசாமி லேசில் மசிகிற ஆளில்லை. "ஏனுங்க நர்சம்மா, நான் தின்னு பாக்காம எதையும் நம்பறதில்லீங்க," என்று வரகுச் சோற்றுப் பானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரோஸ்லின் பிடுங்கப் பார்த்தும் விடவில்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாய் வேறு கேட்டார். என் அக்கா என்ற அறிவாளி அதையும் கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தி கேட்டு இல்லை என்று சொல்லக்கூடாதாம்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை தங்கம் என்று அதனிடமே சொல்லி அழுதார். பிறகு வாந்தி. அவரையும் தமிழ்செல்வனையும் ஒரே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். மிச்சச் சோற்றைக் கோழிகூடக் கிளறாதபடி குழியில் புதைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தெளிந்து எழுந்த சின்னுசாமி, மாப்பிள்ளை குடிகாரன் இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் நஞ்சைப் பொங்கிப் போடுகிற வீட்டுக்குப் பெண் தரமாட்டாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பனின் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்த தேன்மொழி, துணியைக் கீழே போட்டாள்.

"அவிய தெரியாம பொங்கித் தின்னாங்க அப்பா. நீங்க தெரிஞ்சே, ஊறுகாய் கேட்டு வாங்கித் தின்னீங்க. நான் அந்த ஊட்டுக்கே போறேனுங்க."