ஓட்டுநர் பக்கக் கதவு

அக்கா மார்வா அப்பாவின் காரைக் கொண்டுவந்து தம்பி கெர்வினின் வீட்டுக் கொட்டகைக்குள் நிறுத்தியதுமே அவனுக்கு இருப்புக்கொள்ளாமல் போய்விட்டது. கருநீலக் கார். கூவா ஊரில் கார்லைலின் டாக்ஸி என்றால் தெரியாதவர் இல்லை.

"மூணு மணிக்கு வாங்கறவன் அப்பா வீட்டுக்கு வந்துடுவான். பளபளன்னு இருக்கணும்டா," என்று சாவியை நீட்டினாள் மார்வா.

"விக்கிறாரா? எதுக்கு?"

"சாயங்காலம் ப்ளைட். ப்ரூக்ளின்ல அத்தை வீட்டுக்கு. இனிமே அங்கதானாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"அவருக்கு வாய் இல்ல, உனக்குக் காது இல்ல. நடுவுல கிடந்து நான்தான் அல்லாடறேன்."

போன வருடம் இரும்பு ஆலை வேலையை விட்டுவிட்டு, வீட்டு முற்றத்திலேயே கார்களை மெருகேற்றும் தொழிலை ஆரம்பித்தான் கெர்வின். அந்த ஆலை வேலை, அப்பா யார் யாரையோ கெஞ்சி வாங்கிக் கொடுத்தது. "ஊரான் காரைத் துடைக்கவா உன்னை வளர்த்தேன்? இனி உன் தெருப்பக்கம் என் வண்டி திரும்பாது," என்றார் அவர். சொன்னபடியே இருந்தார். பேரன் பிறந்தும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் வராமல் நான் போவதில்லை என்று இவனும் இருந்துவிட்டான். இப்போது பொழுது சாய்ந்தால் அவர் விமானத்தில் இருப்பார்.

காரைக் கழுவினான். பிறகு கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினான். கழுவிய பெயிண்ட் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். பை போட்ட விரலுக்குத்தான் உண்மை படும். சொரசொரவென்று இருந்தது. ஆலைப்பக்கம் ஓடுகிற எந்த வண்டியிலும் இரும்புத் தூசி இப்படித்தான் ஏறி உட்கார்ந்திருக்கும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, பெயிண்டில் ஒட்டிய தூசியை உருவியெடுக்கும், களிமண் போன்ற க்ளே கட்டியைப் பிசைந்து தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினான். க்ளே பழுப்பேறியது. மடித்துப் பிசைந்து புது முகம் எடுத்தான். முடித்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் தேய்த்தான்.

வாசற்படியில் குழந்தையோடு நின்ற மனைவி ஷெனெல் சிரித்தாள். "அந்த இடத்தையே தேய்ச்சா ஓட்டை விழுந்துடும். மனுஷனைப் பார்க்கணும்னா போய்ப் பாரேன்."

"அவர்தான் வரணும்."

"சரி. அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு."

பதில் சொல்லத் திரும்பியதில் க்ளே கைநழுவித் தரையில் விழுந்தது. மணல் ஒட்டிவிட்டால் அவ்வளவுதான்; அதை மறுபடி வைத்துத் தேய்த்தால் பெயிண்ட் முழுக்கக் கீறிவிடும். வாய்க்குள் திட்டிக்கொண்டே அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, புதுக் கட்டியிலிருந்து பாதியை வெட்டி எடுத்தான். வலப்பக்கம் வந்தான், ஓட்டுநர் கதவுக்கு.

நாலு தரம் ஓட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தால் க்ளேயில் பழுப்பு இல்லை. பச்சை. கடுகைவிடச் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள்.

அந்தப் பச்சை அவனுக்குத் தெரியும். மிச்சம் கிடந்த இரண்டு டப்பாக்களைக் கலந்து, கொய்யாக்காய் நிறத்தில் அவனே உண்டாக்கியது. ஊரில் வேறெங்கும் கிடையாது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தபோது, பிடிவாதமாகக் கம்ப்ரஸரை ஓட்டி, முகமூடி மாட்டித் தலை நிமிராமல் தன் வீட்டுக் கேட்டுக்கு ஸ்ப்ரே அடித்தான். பாதிப் பெயிண்ட் சாலையைத் தாண்டிப் பறந்தது. "என் சுவருக்கு அம்மை போட்டிருக்கு, வந்து பாரு!" என்று எதிர்வீட்டு மிஸ் ஐனா ஒரு வாரம் சண்டை பிடித்தாள்.

"அக்கா, போன மாசம் நீ இந்தக் காரை எடுத்துட்டு இங்க வந்தியா?"

"நானா? சாவியே இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. அதை வேற யாராவது தொட விடுவாரா அவர்?"

கெர்வின் பையை மறுபடி மாட்டிக்கொண்டான். கண்ணாடியைத் தடவினான். வழுவழுவென்று இருந்தது. அப்படியானால் அன்று கண்ணாடி இறங்கியிருந்திருக்கிறது. ஜன்னலின் கீழ்விளிம்பைத் தடவினான். சொரசொரப்பு, சொரசொரப்பு, பிறகு ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை, அப்புறம் மறுபடி சொரசொரப்பு. வெறுமையான இடம் விளிம்பிலிருந்து கதவின் மேல் சரிந்து இறங்கியது. விரலாலேயே அதன் ஓரத்தைத் தொடர்ந்து போனான். முழங்கை. அதிலிருந்து தொங்கிய முன்னங்கை. வாழ்நாள் முழுக்க அப்பா வண்டியில் உட்கார்ந்த விதம் அதுதான், கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு. பெயிண்ட் தெறித்தும் கையை எடுக்காமல், எதிர்ச்சாரியில் உட்கார்ந்து இவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவன் க்ளேயைப் பையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டான். சோப்புத் தண்ணீர் பாட்டிலைக் காருக்குள் வைத்தான்.

"ஷெனெல், பிள்ளையைத் தூக்கிட்டு வா. ஏறு."

"டேய், இந்தப் பக்கம் இன்னும் பண்ணவே இல்ல! வாங்கறவன் என்னடா சொல்லுவான்?" என்றாள் மார்வா.

"நீயும் ஏறுக்கா."

கார்லைல் சுட்டெரிக்கும் வெயிலில் ப்ரூக்ளின் குளிருக்கான கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, தன் வீட்டு வாசலில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கியவர்களில் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. எழுந்து டாக்ஸிக்காரருக்கே உரிய நடையில் காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இந்தப் பக்கம் முடிக்கல," என்றார்.

"இல்லப்பா."

"என்ன வேலை பார்க்கிற?"

கதவின்மேல் விரல்களை ஓட்டினார். பாதியில் விரல்கள் நின்றன. ஷெனெலின் தோளில் குழந்தை நெளிந்தது.

"அந்தக் காத்துல எவனாவது ஸ்ப்ரே அடிப்பானா?" என்றார் அப்பா, காரைப் பார்த்தே. "கையில ஒட்டினது போறதுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சேன். தோலே உரிஞ்சு போச்சு."

"உள்ள வந்திருந்தா நான் துடைச்சு விட்டிருப்பேன்."

"தேய்க்கத் தண்ணி கொண்டு வந்திருக்கியா?"

"இருக்கு."

கார்லைல் கோட்டைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஷெனெலிடம் நீட்டினார்.

"மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நீ மிச்சத்தை முடி. நான் இவனைப் பிடிச்சுக்கறேன்."