ஏழாவது நோட்டில் ஒரு திருத்தம்

தகர வாளியில் பழைய செய்தித்தாள்கள் குபுகுபுவெனப் பற்றிக்கொண்டன. அண்ணன் படுத்திருந்த அறைக்குள் புகை போகட்டும் என்று தங்கை ஜன்னல் பக்கமாக அட்டையால் விசிறினாள். எழுபது வயதில் செய்கிற திருட்டுத்தனம்.

"நான் போறதுக்குள்ள அந்தப் பதினாலு நோட்டையும் எரிச்சிடு" என்று காலையில் சத்தியம் வாங்கியிருந்தார். மாலைவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

போருக்கு முன்னால் அண்ணனுக்குக் காடுதான் வீடு. மரமேறி, பொந்துக்குள் எட்டிப் பார்த்து முட்டைகளை எண்ணிச் சொல்வது தங்கையின் வேலை. அதனால்தான் அவளுக்கு 'வாலு' என்று பெயர். அவள் மேலிருந்து கத்துவாள், அவர் கீழே நின்று நோட்டில் எழுதுவார். போர் வந்ததும் சிப்பாயாகப் போனார். திரும்பி வந்தவர் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டார். ஜன்னலில் குருவி வந்து கத்தினால்கூடத் தலை திரும்பாது. கல்லூரியில் பறவைகளை ஆராயும் பெண் ஒருத்தி இரண்டு முறை வந்து நோட்டுகளைக் கேட்டபோது, முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். அந்த நோட்டுகளில் தங்கையின் பத்து வருஷமும் இருந்தது. எரிக்கச் சொல்ல இவர் யார் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

உள்ளே போனாள்.

"எரிச்சாச்சா?"

"ஆச்சு."

"வாலு..." கண் திறக்காமலே பேசினார். "ஐம்பது வருஷமா நீ அந்துருண்டை போட்டு வச்ச நோட்டு. எரிஞ்சா தெருவே நாறும். இது வெறும் பேப்பரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஏண்ணே எரிக்கச் சொல்ற? அதையாவது சொல்லிட்டுப் போ."

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"புதருக்குள்ள ஆள் இருந்தா குருவிங்க கத்துறதே வேற மாதிரி. எனக்கு அது தெரியும்னு என்னைத்தான் முன்னால அனுப்புவாங்க. ஒருநாள் கத்துச்சு. அங்கேன்னு கையைக் காட்டினேன். சுட்டாங்க. போய்ப் பார்த்தா மூணு பேரு. அப்போ உனக்கு என்ன வயசோ, அதே வயசு."

ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள்.

"கையைக் காட்டினது நீ. குருவி என்னண்ணே பண்ணுச்சு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. வெயில் கட்டில்காலைத் தொடும்வரை அப்படியே கிடந்தார்.

"ஏழாவது நோட்டுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"மரங்கொத்தி. பெட்டை மட்டும்தான் அடைகாக்கும்னு எழுதியிருக்கேன். இல்ல. சண்டைக்குப் போன எடத்துல ஒரு மரத்தடியில பத்தொன்பது நாள் காவல் கிடந்தேன். பொழுது சாஞ்சா ஆண்தான் பொந்துக்குள்ள போகும். விடியுற வரைக்கும் அதான் உட்காரும்."

"அங்கேயும் பார்த்தியா?"

"கண்ணு சும்மா இருக்குமா?" கொஞ்சம் இளைப்பாறினார். "அந்தக் காலேஜ் பொண்ணு தப்பாப் படிச்சிடப் போறா. திருத்திடு."

அவள் எழுந்து ஓடினாள். அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து நோட்டை உருவி, பேனாவைத் தேடிப் பிடித்து வந்தபோது அண்ணன் போயிருந்தார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எரிக்காமல் விட்டோமே என்ற சந்தோஷமும் அந்த அழுகைக்குள் இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடி எடுத்தாள். தப்பை அழிக்கக் கூடாது, அது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்பது அண்ணன் வைத்த சட்டம். அப்படியே செய்தாள். 'இரவில் ஆண்.' அதற்குக் கீழே, 'பார்த்த இடம்: போர்முனை. பத்தொன்பது நாள்.'

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"யார் யாருக்குச் சொல்லணும்மா? நம்பர் குடுங்க, நான் பேசுறேன்."

"இரும்மா, மை காயட்டும்" என்று நோட்டை மூடாமல் ஜன்னல் வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.